நைலான் கயிறும் ஒரு மோதிரமும்

சென்ற மாதம் விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், இரவு உணவுக்குப் பின் கைப்பேசியில் ஏதோ படித்தவாறே கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். பதறிப்போய்க் காரணம் கேட்டேன். "ஒன்னுமில்லம்மா, கதைதான். இது மூணாவது பாகம். முதல் ரெண்டு பாகத்துலயும் வந்த பொண்ணை இதுல கொன்னுட்டாங்க" என்றாள். கொலை, புலன்விசாரணை, பழிவாங்கல் என்று பாகம் பாகமாக நீளும் கதை அது. சற்று நேரம் கழித்து அவளே கேட்டாள்: "இந்த மாதிரிக் கதையெல்லாம் நாம படிக்கலாமாம்மா? தப்பில்லையா?"

மார்க்கம் கற்ற பெரியவர்கள் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். நானும் சிலவற்றைப் படித்திருக்கிறேன். ஆயினும் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது எந்த நூலும் அன்று. 1984ஆம் ஆண்டு மார்கழியில், ஓமந்தூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பெண் தன் முந்தானையை உதறிக் காட்டிய காட்சிதான். அதற்குக் காரணம் நான். அன்றிரவு அதை என் மகளிடம் முழுவதும் சொன்னேன். பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

மாமா தைத்துவைத்த புத்தகம்

ஓமந்தூர் திண்டிவனத்தை அடுத்துள்ள ஊர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்து, நேர்மைக்குப் பெயர்பெற்ற ராமசாமி ரெட்டியார் பிறந்ததால் வெளியூராரும் அறிந்த பெயர். எங்களுக்கோ அது நிலக்கடலை விளையும் ஊர். எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை என்போம்.

என் மாமா சென்னையில் வேலையிலிருந்தார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எழும்பூரில் வார இதழ் ஒன்றை வாங்கி, திண்டிவனம் வந்து இறங்குவதற்குள் படித்து முடித்துவிடுவாராம். பிடித்த தொடர்கதையாக இருந்தால் வாரந்தவறாமல் வாங்கி, அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலே ஒட்டி வைப்பார். அக்காலத்தில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருந்த பழக்கம்தான் இது. ஓவியங்களும் விளம்பரத் துணுக்குகளும் அப்படியே இருக்கும். எங்கள் வீட்டுப் பரணில் அவ்வாறு ஏழெட்டுக் கட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, 1968இல் குமுதத்தில் வெளிவந்த சுஜாதாவின் 'நைலான் கயிறு'.

ரங்கராஜன் என்ற பொறியாளர் தம் மனைவியின் பெயரில் எழுதிய அந்த முதல் நாவலில்தான், பின்னாளில் எண்ணற்ற கதைகளில் வந்த வழக்கறிஞர் கணேஷ் தமிழ் வாசகர்களுக்கு முதன்முதலில் அறிமுகமானார். பம்பாயில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். காவல்துறை தேடுகிறது, வழக்கு நீதிமன்றம் செல்கிறது, கணேஷ் வாதாடுகிறார். இவற்றுக்கு இடையிடையே சுநந்தா என்ற பெண்ணின் நாட்குறிப்பிலிருந்து சில பகுதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது, கொலையுண்டவனுக்காக இரங்குவதா, கொன்றவனுக்காக இரங்குவதா என்று நெஞ்சு தடுமாறும்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு, அரையாண்டு விடுமுறை. நன்னி தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்து விளக்கைப் போட்டபோது நான் போர்வைக்குள் கைவிளக்குடன் விழித்திருந்தேன். நன்னி ஒன்றும் கேட்கவில்லை. "படிச்சது போதும், கண்ணு கெட்டுப்போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒளூச் செய்யப் போனார்.

கடைசியில் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. மாமா தைத்த கட்டின் இறுதிப் பக்கங்களைச் செல் அரித்திருந்தது. கொலையாளி யாரென்று தெரியாமலேயே கதை நின்றுபோயிற்று. அந்தத் தவிப்பை அனுபவித்தவர்கள் அறிவார்கள். விடையில்லாத ஒரு கேள்வியை மனம் சும்மா சுமந்துகொண்டிராது. வேறொரு கேள்வி கிடைத்தால் அதன்மீது பாய்ந்துவிடும். எனக்கு அந்த வாரமே ஒன்று கிடைத்தது.

காணாமற்போன மோதிரம்

மார்கழிப் பட்டத்து விதைப்புக்காக வீட்டில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். விதைக்கு வைத்த கடலையைக் கையால்தான் உடைக்க வேண்டும். பருப்பின் மேல்தோல் உரிந்தாலோ பருப்பு இரண்டாகப் பிளந்தாலோ முளைக்காது. முற்றத்தில் பெண்கள் வட்டமாக அமர்ந்து நாள் முழுவதும் உடைப்பார்கள். விரல் நுனிகள் கன்றிப்போகும். அம்மா, நன்னி, ஊரிலிருந்து வந்திருந்த சாச்சி, சாச்சியின் இரு பெண்கள், அண்டை வீட்டு உறவுக்காரர் இருவர், எங்கள் வீட்டில் பற்றுப்பாத்திரம் தேய்த்து முற்றம் பெருக்கும் அக்கா, நான் என்று ஒன்பது பேர் இருந்தோம்.

மாலையில் மஃக்ரிப் நேரம் நெருங்கியபோது சாச்சி அலறினார். விரல் வலிக்கிறதென்று கழற்றி மடியில் வைத்திருந்த மோதிரத்தைக் காணவில்லை. அரைப் பவுன் மோதிரம், சாச்சாவின் பரிசு. முறம், சொளகு, தோல்மேடு எல்லாம் கிளறிப் பார்த்தோம். இருட்டிவிட்டது.

அன்றிரவு நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். முற்றத்தில் இருந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார், யார் இடையில் எழுந்து போனார் என்றெல்லாம் குறித்தேன். பிறகு ஒவ்வொரு பெயராக அடித்தேன். அம்மாவை அடித்தேன். நன்னியை அடித்தேன். சாச்சியின் பெண்களை அடித்தேன். அண்டை வீட்டு உறவினர்களையும் அடித்தேன். மிஞ்சியது ஒரு பெயர்.

மகளிடம் இதைச் சொல்லும்போது இந்த இடத்தில்தான் எனக்குக் குரல் கம்மியது. உறவினர் எவரையும் நான் ஏன் சந்தேகிக்கவில்லை? ஆதாரம் ஏதும் பார்த்தா அடித்தேன்? இல்லை. அவர்கள் எங்களவர், அது ஒன்றே காரணம். அந்த அக்கா எங்களவர் அல்லர், ஏழை, வேற்றுச் சமயத்தவர். அது ஒன்றே அவர் பெயர் மிஞ்சியதற்கும் காரணம். அறிவால் ஆராய்கிறேன் என்று நம்பிக்கொண்டு, ஆராயாத ஒன்றைத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் எனக்கு 'தடயம்' ஒன்றும் அகப்பட்டது. அவர் வீட்டு வாசலில் புதுப் பித்தளைக் குடம் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. மாதச் சம்பளக்காரருக்குப் புதுக் குடம் ஏது? கணேஷ் இதைக் கவனிக்காமல் விடுவாரா? ஓடிவந்து சாச்சியிடம் சொன்னேன்.

சாச்சி கெட்டவர் அல்லர். பொருளைப் பறிகொடுத்த வேதனையில் இருந்தார். அந்த அக்கா முற்றம் பெருக்க வந்தபோது, எல்லாருக்கும் முன்னால், "முந்தானையை உதறிக் காட்டு" என்று சொல்லிவிட்டார். அவர் நிமிர்ந்து சாச்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முந்தானையை எடுத்து இருமுறை உதறினார். அதிலிருந்து கடலைத்தோல் இரண்டு விழுந்தது. துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் வெளியேறினார். மறுநாள் அவர் வரவில்லை. வராததையும் நான் நோட்டுப் புத்தகத்தில் ஆதாரமாகக் குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து விதைப்பு நடந்தது. கழனியில் விதைமூட்டையைப் பிரித்துக் கூடையில் கொட்டிய அத்தாவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. மோதிரம். சாச்சியின் மடியிலிருந்து பருப்போடு பருப்பாக முறத்தில் சரிந்து மூட்டைக்குப் போயிருந்தது. அத்தா அதைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் நன்னியின் முன் வைத்தார்.

நன்னி சொன்ன வழக்கு

நன்னி என்னை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. அருகில் உட்காரவைத்து ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலாக வரும் வசனங்கள் அருளப்பெற்ற சூழலாக விரிவுரை நூல்கள் பலவற்றில் இடம்பெறும் நிகழ்ச்சி அது.

மதீனாவில் துஃமா இப்னு உபைரிக் என்பவன் தன் அண்டை வீட்டாரான கதாதா இப்னு நுஃமான் (ரலி) அவர்களின் போர்க் கவசத்தைத் திருடினான். கவசம் மாவுப் பை ஒன்றில் இருந்தது. பையில் ஓர் ஓட்டை. வழிநெடுக மாவு சிந்திக்கொண்டே வந்தது. அகப்பட்டுக்கொள்வோம் என்று அஞ்சிய அவன், அதை யூதர் ஒருவரிடம் கொண்டுபோய் வைத்துவிட்டான். கவசம் யூதர் வீட்டில் கிடைத்தது. துஃமாவின் குலத்தார் ஒன்றுசேர்ந்து, "எங்கள் ஆள் குற்றமற்றவன், திருடியவன் அந்த யூதன்தான்" என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து வாதாடினார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஆதாரமும் அதற்கேற்பவே இருந்தது. அந்த வேளையில்தான் வஹீ இறங்கியது. துரோகம் செய்தவர்களுக்காக வாதாட வேண்டாம் என்ற கட்டளை வந்தது. குற்றத்தைத் தான் செய்துவிட்டு நிரபராதி மீது சுமத்துபவன் அவதூறையும் பகிரங்கப் பாவத்தையும் சுமக்கிறான் என்ற எச்சரிக்கையும் வந்தது. யூதர் விடுவிக்கப்பட்டார்.

"அல்லாஹ் வானத்துலேர்ந்து ஆயத்து இறக்கி ஒரு யூதரோட மானத்தைக் காப்பாத்துனான். நாம நம்ம முற்றத்துல ஒருத்தியோட மானத்தை வாங்கிட்டோம். எழுந்திரு, போவோம்" என்றார் நன்னி.

எழுபது வயதைத் தாண்டிய அவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஊரின் மறுகோடிவரை நடந்தார். சாச்சியும் பின்னால் வந்தார். அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நன்னியைக் கண்டதும் எழுந்து நின்றார். நன்னி நடந்ததைச் சொல்லி, எங்கள் மூவருக்காகவும் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன், அழுதுகொண்டேதான் கேட்டேன்.

அவர் நன்னியிடம், "நீங்க பெரியவங்க, நீங்க எதுக்குக் கேக்கறீங்க. மனசுல ஒன்னும் வெச்சுக்கல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "குடம் எங்க தம்பி குடுத்தது பாப்பா, பொங்கல் சீரு. கரும்பு வெட்டுக்குப் போறதால முன்னாடியே கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

அவ்வளவுதான். மறுபடி எங்கள் வீட்டு வேலைக்கு அவர் வரவில்லை. நன்னி வற்புறுத்தவும் இல்லை. "மன்னிக்கறது அவ பெருந்தன்மை. திரும்பி வரணும்னு கேக்க நமக்கு உரிமை இல்லை" என்றார். வழியில் காணும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பை ஏறிட்டுப் பார்க்க முடியாது.

கேட்கப்படாத குரல்

'நைலான் கயிறு' கதையின் முடிவை நான் படித்தது பல ஆண்டுகள் கழித்து, திண்டிவனத்தில் நூலகத்தில் எடுத்த புத்தகத்தில். முடிவைச் சொல்லி, இனிப் படிக்கப்போகிறவர்களின் சுவையைக் கெடுக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டாம் வாசிப்பில், முதல்முறை காணாத ஒன்றைக் கண்டேன். பதினான்கு வயதில் நான் வேட்டைக்காரியைப் போலக் கொலையாளியைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். சுநந்தாவின் நாட்குறிப்புகளைத் 'தடயங்களாக' மட்டுமே புரட்டியிருக்கிறேன். இப்போது அவைதாம் கதையின் உயிர் என்று தெரிந்தது. ஒரு பெண் தனக்கு நேர்ந்ததைத் தன் நோட்டுப் புத்தகத்திடம் மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறாள். உரிய நேரத்தில் அவளிடம் யாரேனும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். "என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்ற குரல் அன்று நூலகத்து மேசையில் மீண்டும் எனக்குக் கேட்டது.

துப்பறியும் தொடர்கள் நம்மைக் கட்டிப்போடுவதற்குக் காரணம் உண்டு. ஒரே மனிதர் கதைக்குக் கதை வரும்போது அவர் நம் வீட்டாரைப் போல ஆகிவிடுகிறார். 1893இல் தம் ஷெர்லாக் ஹோம்ஸைக் கதையில் சாகடித்த ஆங்கில எழுத்தாளர் கோனன் டாயில், வாசகர்களின் கோபத்தைத் தாங்காமல், 1903இல் அவர் சாகவேயில்லை என்று திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தமிழிலும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா என்று தலைமுறை தலைமுறையாக வாசகர்கள் இவர்களோடு வாழ்ந்திருக்கிறார்கள். பேருந்து நிலையக் கடைகளில் மாத நாவல்கள் கயிற்றில் தொங்கிய காலத்தில், அடுத்த மாதத்துக்காகக் காத்திருந்தவர்களில் முஸ்லிம் வீட்டுப் பெண்களும் உண்டு. மறைத்துப் படித்தோம் என்பதுதான் வேறுபாடு.

ஆனால் இக்கதைகள் இரண்டு உணர்ச்சிகளை நம்முள் எழுப்புகின்றன. ஒன்று, எல்லாரையும் சந்தேகிக்கும் ஆவல். மற்றொன்று, குற்றவாளியை நம் கையாலேயே தண்டித்துவிடத் துடிக்கும் ஆத்திரம். ஏட்டில் இருக்கும்வரை இரண்டாலும் கேடில்லை. ஏட்டை மூடிய பின்னும் அவை நம்மோடு எழுந்து முற்றத்துக்கு வந்துவிடுவதுதான் ஆபத்து.

இவ்விரண்டுக்கும் மார்க்கம் வேலியிட்டிருக்கிறது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்குமாறும், பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய வேண்டாம் என்றும் அல்ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அதே அத்தியாயம்தான், ஒரு செய்தி வந்தால் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதபடி அதைத் தெளிவாக விசாரித்து அறியவும் சொல்கிறது. துருவுவது வேறு, விசாரிப்பது வேறு. நான் அந்த அக்காவின் வாசலை எட்டிப் பார்த்தது துருவல். அவரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது விசாரணை. குற்றத்தில் ஐயம் இருக்குமிடத்தில் தண்டனையை விலக்குக என்பது ஃபிக்ஹுக் கலையின் பழைய விதி. கணேஷ் நீதிமன்றத்தில் வாதாடுவதும் இந்த அடிப்படையின்மீதுதான். கதையில் அவரிடமிருந்து நான் கற்றிருக்க வேண்டியது அதை. நான் கற்றுக்கொண்டதோ பெயர்களை அடிப்பதை மட்டும்.

பழிவாங்கலுக்கும் அப்படியே. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்கு உரிமை உண்டு என்று கூறும் திருமறை, அதே வசனத்தில், அவர் வரம்பு மீற வேண்டாம் என்றும் நிறுத்துகிறது. மன்னிப்பின் வாசலையும் திறந்து வைக்கிறது.

யூசுஃப் அத்தியாயத்தை நாம் எத்தனையோ முறை ஓதியிருக்கிறோம். அழகிய வரலாறு என்று இறைவனே சிறப்பித்த அதில் குற்றமும் உண்டு, தடயமும் உண்டு, கண்ணீரும் உண்டு. சகோதரர்கள் கொண்டுவந்த சட்டையில் இருந்தது பொய்யான இரத்தம். யஃகூப் (அலை) அவர்கள் அதை நம்பவில்லை. பின்னால் கிழிந்திருந்த சட்டையோ உண்மையான சாட்சி. அது யூசுஃப் (அலை) அவர்களின் தூய்மையைக் காட்டியது. தடயம் பொய்யும் சொல்லும், மெய்யும் சொல்லும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? அதே வரலாற்றில், முன்னே அமர்ந்திருப்பவர் யாரென்று அறியாமல், சகோதரர்கள் அவரையே திருடர் என்று பழிக்கிறார்கள். அதிகாரம் கையிலிருந்தும் அவர் அதை மனத்துக்குள் அடக்கிக்கொள்கிறார். இறுதியில் அவர்களை மன்னிக்கவும் செய்கிறார். அந்த இடத்தை ஓதும்போதெல்லாம், துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டுப் பேசாமல் போன அந்த அக்காவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்துவிடும்.

என் மகளிடம் நான் சொன்னது

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மகள் வெகுநேரம் பேசாமலிருந்தாள். "அப்போ நான் படிக்கலாமா, கூடாதா?" என்றாள் மறுபடியும்.

ஆபாசமும் வக்கிரமும் கலந்தவற்றைத் தொடாதே என்றேன். கொலையைக் கொண்டாட்டமாக எழுதுகிறவற்றை மூடி வை என்றேன். தொழுகையையும் உறக்கத்தையும் தின்றுவிடும் அளவுக்குப் போகாதே என்றேன். மற்றவற்றைப் படிக்கும்போது, யார் கொன்றார்கள் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், கதையில் யாருடைய பேச்சை யாருமே கேட்கவில்லை என்றும் பார் என்றேன். செத்துப்போன அந்தப் பெண்ணுக்காக நீ அழுதது தவறில்லை என்றும் சொன்னேன். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித இனம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பென்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நம்முடையது. கற்பனை உயிருக்காகக்கூட இரங்குகிற நெஞ்சம், பக்கத்து வீட்டு உயிருக்காக இரங்கப் பழகிக்கொள்ளும், நாம் பழக்கினால்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் போர்வைக்குள் ஒளிந்து படிப்பதைவிட நம் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது நல்லது. அவர்கள் படிப்பதை நாமும் படித்து, அதைப்பற்றி அவர்களோடு பேசுவோம். என் நன்னிக்கு அந்தத் தொடர்கதையின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் என் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிக்காமல், என் கையைப் பிடித்து அந்த வாசலுக்கு அழைத்துப்போனார்.

அந்த அக்கா இறந்து சில ஆண்டுகளாகின்றன. சென்ற வாரம் என் மகளை அழைத்துக்கொண்டு ஓமந்தூர் போயிருந்தபோது அவருடைய மகன் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் நசுங்கிப்போன பித்தளைக் குடம் ஒன்று இருந்தது. அதே குடமா என்று எனக்குத் தெரியாது. கேட்கலாமா என்று எண்ணினேன். என் மகள் என்னை முந்திக்கொண்டு, "இந்தக் குடம் யாரு குடுத்தது?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "எங்க மாமன் சீரு" என்றார்.

நம் நாவையும் எண்ணத்தையும் பிறர் மானத்தைப் பறிப்பதிலிருந்து வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.